உதட்டுக் கடுகு

கஜா பெராங், மலாக்கா
3 மார்ச் 1957

தம்பி மருதமுத்துவுக்கு அக்கா தெய்வானை ஆசியுடன் எழுதுவது. நான் சுகம். நீ சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரியில் ஊராருக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு வெறும் காப்பியோடு படுத்துக்கொள்கிறாயா? மறைக்காமல் எழுது.

நான் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதவில்லை. உன் தம்பி தியாகுவுக்குப் பொங்கலிலிருந்தே வயிறு சரியில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். வாந்தி வேறு. போன வாரம் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். முகம் வெளுத்துப்போய் சோகை பிடித்தவன் மாதிரி இருக்கிறான். வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பு. அவன் சொல்லவில்லை. துணி துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

இது என்னவென்று எனக்குத் தெரியும். இடுமருந்து. அவனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அது குடலில் ஒட்டி உருண்டையாக வளருகிறது. யார் என்று கேட்கிறாயா? வேறு யார், அவன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்த சந்திரமதிதான். கட்டி மூன்று வருஷம் ஆகப்போகிறது, கையில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது, இன்னும் அவள் வாயில் நாலு வார்த்தை தமிழ் வரவில்லை. எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய செட்டிக் கம்பத்துக்காரர்கள் கும்பிடுவது நம் சாமியைத்தான். பேசுவதெல்லாம் மலாய். என் முன்னால் என்ன பேசுகிறாள் என்பதே பாதி எனக்குப் புரிவதில்லை. அம்மா வீடு இரண்டு சந்து தள்ளி. அவனை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் திட்டம்.

சும்மா சொல்லவில்லை. போகியன்று அவர்கள் வழக்கப்படி ‘பார்ச்சு’ என்று ஒன்று செய்தாள். அறையில் இலை போட்டு, மீனும் கறியும் பலகாரமும் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மலாயில் முணுமுணுத்தாள். பிறகு அந்தச் சோற்றில் முதல் தட்டை இவனுக்குத்தான் கொடுத்தாள். அந்த வாரமே வலி. போதாததற்கு அவன் உதட்டில் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். மருந்து உள்ளே இறங்கியதற்கு அதுதான் அடையாளம் என்று பெரியவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

புக்கிட் ரம்பாயில் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், நல்லையா என்று பெயர். கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யலாமென்று எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா தெய்வானை


சிங்கப்பூர்
12 மார்ச் 1957

அக்காவுக்குத் தம்பி மருதமுத்து வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். காப்பி உண்மைதான்.

கடிதம் படித்துப் பயந்துபோனேன், இடுமருந்துக்கு அல்ல. தார் மாதிரி போகிறது என்றால் குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்று பொருள். பன்னிரண்டு வருஷமாக டிரெஸ்ஸர் வேலை பார்க்கிறேன், இதைச் சொல்ல எனக்கு டாக்டர் வேண்டாம். நல்லையாவிடம் போக வேண்டாம். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாளைக்கே.

கதவைச் சாத்திக்கொண்டு இலை போட்டாள் என்கிறீர்கள். பார்ச்சு என்பது செத்துப்போன பெரியவர்களுக்குப் போடுவது. ஆடி மாதத்தில் நீங்கள் அப்பாவுக்குப் படையல் போட்டு என்னையும் தியாகுவையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது யார்? உள்ளே தமிழில் முணுமுணுத்தால் படையல், மலாயில் முணுமுணுத்தால் மருந்தா?

இன்னொன்று. உதட்டுப் புள்ளி இப்போது வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, ‘கடுகு வாயன்’ என்று பட்டம் வைத்து அவனைச் சின்ன வயதில் அழவைத்தவன் நான். அதற்கு நீங்கள்தான் என் முதுகில் போட்டீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்பாவும் வயிற்று வலியில்தான் போனார் என்று கேள்வி. அப்போது எனக்கு நாலு வயது, தியாகு கைக்குழந்தை. உங்களுக்குப் பதின்மூன்று. அப்பா உதட்டிலும் இந்தப் புள்ளி இருந்ததா? சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் இல்லை. நினைவுபடுத்திப் பார்த்து இந்த ஒன்றுக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

குழந்தை மல்லிகாவுக்கு என் முத்தம்.
மருதமுத்து


கஜா பெராங்
2 ஏப்ரல் 1957

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் வந்தது. அதில் உன் குரல் பாதிதான் இருந்தது. உண்மையைச் சொல், அவள் உனக்கு எழுதினாளா? யாரைப் பிடித்து எழுதினாள்?

நல்லையாவிடம் போனோம். நீ வேண்டாம் என்று எழுதியது மறுநாள்தான் வந்தது, அதனால் கோபித்துக்கொள்ளாதே. தியாகு முரண்டு பிடித்தான். “அக்கா, எனக்கு வயித்து வலி, பைத்தியம் இல்ல” என்றான். என் கண்ணீரைப் பார்த்த பிறகு கிளம்பி வந்தான். நல்லையா அவனைப் படுக்கவைத்து, வயிற்றில் வேப்பிலையால் தடவி, மூங்கில் குழாயைத் தொப்புளுக்கு மேலே வைத்து உறிஞ்சினார். மூன்றாவது தடவை உறிஞ்சிப் பித்தளைத் தட்டில் துப்பினார். கறுப்பாக ஓர் உருண்டை விழுந்தது. அதில் முடி இருந்தது! நான் என் கண்ணால் பார்த்தேன். “மூணு வருசத்து சரக்கும்மா, வீட்டுக்குள்ள இருக்கிற கைதான்” என்று அவரே சொன்னார். நான் ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்லவில்லை.

நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் அந்த உருண்டையையே காகிதத்தில் சுற்றி, மில்க் டின்னில் போட்டு, பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் படித்தவர்களிடம் காட்டு.

இனி அடுப்பு என் கையில். தியாகுவுக்கும் எனக்கும் நான் சமைக்கிறேன். அவளும் குழந்தையும் அவள் சமைத்ததைத் தின்னட்டும். முதல் நாள் அவள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நின்றாள். “ஏன் அக்கா?” என்று தமிழில் கேட்டாள். அது மட்டும் நன்றாக வருகிறது.

அப்பாவைப் பற்றி இப்போது எதற்கு? போனவரைப் போனவராக விடு.

அக்கா


சிங்கப்பூர்
20 ஏப்ரல் 1957

அக்காவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் பார்சலும் நலமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் மட்டும் டின்னைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார், எறும்பு.

அதை ஆஸ்பத்திரி லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெந்நீரில் போட்டதும் கரைந்தது. சொல்லட்டுமா? குலா மலாக்கா. நம் ஊர்த் தென்னங்கருப்பட்டி, அக்கா. கொஞ்சம் தேங்காய் நார், கொஞ்சம் கரி, ஒரு முடி. முடி நரைத்தது. சந்திரமதிக்கு இருபத்தைந்து வயது. நல்லையாவுக்கு எத்தனை வயது?

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பெரிய டாக்டரிடம் தியாகுவைப் பற்றிச் சொன்னேன். உதட்டுப் புள்ளியைச் சொன்னதும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?” என்றார். பிறகு டார்ச் அடித்து என் வாயையும் பார்த்தார்.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். அப்பாவுக்கு இருந்ததா? எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறீர்கள். இந்த ஒன்றைத் தொட்டவுடன் கடிதத்தை முடித்துவிடுகிறீர்கள். என்ன மறைக்கிறீர்கள்?

மருதமுத்து


கஜா பெராங்
19 மே 1957

தம்பிக்கு. நான் சுகம்.

டின்னில் வந்ததை நீ மாற்றிவிட்டுச் சொல்கிறாயோ, தபாலில் எவனாவது மாற்றினானோ, எனக்குத் தெரியாது. மருந்து எடுத்த பிறகு ஒரு வாரம் அவன் நன்றாகச் சாப்பிட்டான். பிறகு மறுபடியும் வலி. நான் சமைத்ததைச் சாப்பிட்டும் வலிக்கிறது என்றால் என்ன பொருள்? மருந்து வேர் பிடித்துவிட்டது. அல்லது ஆபீஸுக்கு எதையாவது கொடுத்தனுப்புகிறாள். அவன் சட்டைப்பையை முகர்ந்து பார்த்தேன், பலகார வாசனை அடித்தது.

சாப்பிட்ட பிறகு ஏனங்களைக்கூட நானே கழுவுகிறேன். தண்ணீர்ப் பானைக்கு மூடி போட்டுக் கல் வைத்திருக்கிறேன். இப்படி எத்தனை நாள் காவல் காப்பது? நேற்று அவளையும் குழந்தையையும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தியாகு என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, உயிரோடு இருந்தால் போதும். அப்பா போன பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கையால்தான் சோறு போட்டேன். கல்யாணமாகி, அவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பறிகொடுத்துவிட்டு வந்த பிறகும் இந்தக் கைதான். என் பிள்ளைகளை வேறொருத்தி கொண்டுபோக விடமாட்டேன்.

நீ வாய்க்கு டார்ச் அடித்துக்கொண்டு இரு.

அக்கா


மலாக்கா
24 ஜூன் 1957

மரியாதைக்குரிய மைத்துனர் மருதமுத்து அவர்களுக்கு, தங்கள் தம்பி மனைவி சந்திரமதி வணக்கத்துடன் எழுதுவது. (எழுதுவது என்றால் சொல்வது. அந்தப் பெண் மலாயில் சொல்ல, தமிழில் எழுதுபவன் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் தம்பிராஜா. என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.) நீங்கள் சுகமாக இருக்க எங்கள் முத்துமாரி காக்க வேண்டும். நானும் குழந்தையும் சுகம். உங்கள் தம்பி இப்போது உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை பகலில் ஆபீஸில் வலி தாங்காமல் தரையில் விழுந்துவிட்டார். உடன் வேலை பார்க்கும் கணேசமூர்த்தி என்னைக் கூப்பிட வந்தார். வயிறு கல் மாதிரி இருந்தது. அக்காவிடம் சொன்னால் புக்கிட் ரம்பாய்க்குப் போகச் சொல்வார்கள் என்று பயந்து, சொல்லாமல் டிரைஷாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அது தப்பு என்றால் மன்னியுங்கள். (தப்பே இல்லை. இது மட்டும் என் சரக்கு. தம்பிராஜா.)

அன்றைக்கே அறுத்தார்கள். குடல் தனக்குள்ளேயே குழாய்க்குள் குழாயாக நுழைந்து மாட்டிக்கொண்டதாம். ஒன்றரை அடி வெட்டி எடுத்தார்கள். அதன் உள்பக்கம் திராட்சைக் கொத்து மாதிரி கட்டிகள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை. சாமி மேல் சத்தியம்.

அக்கா தினமும் வருகிறார்கள். நான் இருக்கும்போது வார்டுக்குள் வருவதில்லை. மரத்தடியில் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள். நான் வெளியே போன பிறகுதான் வருகிறார்கள். இப்போதெல்லாம் அவர்களும் இளைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அடையாளக் கார்டு கேட்டதால், அக்கா இல்லாத நேரம் வீட்டுக்குப் போய் அவர் பெட்டியைத் திறந்தேன். அடியில் இந்தச் சின்னப் படம் இருந்தது. சுவரில் இருக்கும் மாமனாரின் பெரிய படமும் இதுவும் ஒன்றுதான், அதே சட்டை, அதே நாற்காலி. ஆனால் உதட்டைப் பாருங்கள். இதில் புள்ளிகள் இருக்கின்றன, பெரிய படத்தில் இல்லை. இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தமிழில் தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பணிவுடன்,
சந்திரமதி


சிங்கப்பூர்
5 ஜூலை 1957

அக்காவுக்கு. லீவு போட்டு வந்து தியாகுவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் உங்களுக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு நீளமான பூசை எந்தக் கோயிலில் என்று தெரியவில்லை.

அப்பாவின் சின்னப் படம் என்னிடம் இருக்கிறது. பெரிதாக்கும்போது ஸ்டூடியோக்காரன் தானாகப் புள்ளியை அழிக்கமாட்டான். சொன்னால்தான் அழிப்பான். சொன்னது யார்?

எங்கள் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். உதட்டிலும் வாய்க்குள்ளும் புள்ளி, குடலில் கொத்துக் கொத்தாகக் கட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே இரத்தத்தில் வரும் நோய் ஒன்று இருக்கிறது. தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ பிள்ளைக்கு வரும். சோற்றில் வராது. கட்டி இரத்தம் கசியும், குடலை அடைக்கும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். அதனால் குடும்பத்தில் புள்ளி உள்ள ஒவ்வொருவரும் வயிற்றைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. உங்கள் உதட்டை வெற்றிலைச் சிவப்பு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு வேளை வெற்றிலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.

மருதமுத்து


சிங்கப்பூர்
2 செப்டம்பர் 1957

அக்காவுக்கு. நலமா? இரண்டு மாதமாகப் பதில் இல்லை. என் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. பிரித்துப் படித்துவிட்டுப் போடுகிறீர்கள் என்றால் அது இன்னும் மோசம்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் அறிவித்ததை வானொலியில் கேட்டேன். ஊர் கோலாகலமாக இருந்திருக்கும். இந்த நேரத்தில் சண்டை வேண்டாம். உங்கள் உதட்டில் புள்ளி இருக்கிறதா? ஒரு வரி போதும், ஆம் அல்லது இல்லை.

மருதமுத்து


கஜா பெராங்
15 செப்டம்பர் 1957

தம்பி மருதமுத்துவுக்கு.

ஆம்.

ஒரு வரி போதும் என்றாய். எனக்குப் போதாது, கேள்.

மெர்டேக்கா அன்று ஜாலான் பெண்டஹாரா முழுக்கத் தோரணமும் விளக்கும். நானும் போய் ஓர் ஓரமாக நின்றேன். தியாகு மெதுவாக நடந்து வந்தான். மனைவி வீட்டில்தான் இருக்கிறான், உனக்குத் தெரியும். அவள் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். நான் திரும்பிக்கொள்வதற்குள் வந்து, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவனுக்கு உட்கார இடம் தேடப் போனாள். நம்பித்தான் கொடுத்தாள். எனக்கு அது சுருக்கென்றது.

மல்லிகா ஐஸ் உருண்டை தின்று வாயெல்லாம் சிவப்பு. முந்தானையால் துடைத்தேன். சிவப்பு போயிற்று. கீழுதட்டில் இரண்டு புள்ளி போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். குழந்தை அழுதது. போகவில்லை.

பெற்றவள் தன் குழந்தைக்கே மருந்து வைப்பாளா? அங்கேயே, அத்தனை கூட்டத்தில், என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்குப் புள்ளி இருந்தது. ஏழு. அவர் மடியில் உட்கார்ந்து விரல் வைத்து நான் எண்ணியிருக்கிறேன். அவர் நோயில் விழுவதற்கு ரொம்ப முன்னால் எண்ணியவை. அப்பா போனதும் தோட்டத்து லயத்தில் கூட்டம் கூடியது. உதட்டுப் புள்ளியைக் காட்டி, “பொண்டாட்டி மருந்து வச்சிட்டா” என்றாள் அத்தை. பெரியவர்கள் என்னை நடுவில் நிறுத்தினார்கள். “உங்கம்மா கஞ்சியில எதையோ கலந்தா, நீ பாத்தியா புள்ள?” என்று கேட்டார்கள். அம்மா கலந்தது ஓமம், வயிற்று வலிக்கு. எனக்கு அது தெரியும். “ஆமா, கலந்தாங்க” என்று மட்டும் சொன்னேன். என்ன கலந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம் தம்பி. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

அன்றைக்குப் பிறகு அம்மா கையால் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுப்பு என்னிடம் வந்தது. அம்மா சாகும்வரை பதினோரு வருஷம். “அம்மா ஏன் சமைக்கல?” என்று நீ கேட்பாய். கைவலி என்று சொல்வேன். அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார்கள். நாள் போகப் போக நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன், அம்மா ஏதோ வைத்துத்தான் இருப்பார்கள் என்று. நம்பாமல் எப்படி உயிரோடு இருப்பது? பெரிய படம் போட்டபோது அந்த ஏழும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அழிக்கச் சொன்னேன்.

சந்திரமதி நல்லவள் என்றால் அம்மாவும் நல்லவள் என்று ஆகிவிடும். அதனால்தான் அவளை விடவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. எனக்கும் இரத்தம் போகிறது. ஆம்பளைத் தம்பிக்கு இதை எப்படி எழுதுவது என்று கூசிக்கொண்டு இருந்தேன். அவள் எனக்கும் வைத்துவிட்டாள் என்றுகூட என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் தொடங்கியது ஐம்பத்திரண்டில். அவள் இந்த வீட்டுப் படி ஏறியது ஐம்பத்து நான்கில்.

வெற்றிலையை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது. கண்ணாடி பார்த்தேன். நான் சுகமாக இல்லை, தம்பி.

அக்கா


சிங்கப்பூர்
20 செப்டம்பர் 1957

அக்கா, இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்திரமதி கூட வருவாள். தம்பிராஜா வாத்தியாருக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

நானும் ஒன்றை மறைத்தேன். ஏப்ரலில் டாக்டர் டார்ச் அடித்தபோது என் கன்னத்தின் உள்பக்கம் புள்ளிகளைக் கண்டார். ஜூலையில் உங்களை விரட்டி விரட்டிக் கேட்டேனே, அதற்கு முந்தின மாதம்தான் என் குடலிலிருந்து மூன்று கட்டி எடுத்திருந்தார்கள். புற்று இல்லை. வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவன் என் பங்கைச் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது? கைவலி என்று நீங்கள் சொன்னதை நம்பி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு விரலாக நீவிவிடுவேன். “இப்ப சரியாப் போச்சாம்மா?” என்பேன். அழுதுகொண்டே “சரியாப் போச்சுய்யா” என்பார்கள். வலியில் அழுகிறார்கள் என்று இன்னும் அழுத்திப் பிடிப்பேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் மேல் இல்லை. நாற்பத்திரண்டு வயது அக்கா மேல் இருக்கிறது. நீங்கள் பிழைத்து வாருங்கள், நேரில் சண்டை போடுகிறேன்.

மருதமுத்து


பெரிய ஆஸ்பத்திரி, மலாக்கா
17 நவம்பர் 1957

தம்பி மருதமுத்துவுக்கு அக்கா ஆசியுடன். எழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்தார்கள். பெருங்குடலில் ஒன்று புற்றாகிவிட்டதாம். முடிந்ததை எடுத்திருக்கிறார்கள், ஈரலிலும் கொஞ்சம் இருக்கிறதாம், அதைத் தொட முடியாதாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். சண்டை போடுவதாக எழுதியிருக்கிறாய். தைப்பூசத்துக்கு முன்னால் வந்து போட்டுவிடு.

மல்லிகாவை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம் என்று இங்கே எழுதி வைத்துக்கொண்டார்கள். நம் குடும்பத்தில் யார் யாருக்குப் புள்ளி என்று கேட்டார்கள். அப்பாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை புள்ளி என்றும் சொன்னேன். வீட்டில் மாட்டியிருந்த பெரிய படத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அந்தச் சின்னப் படத்தை அனுப்பு, அதை மாட்டட்டும்.

சந்திரமதி தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். தூக்கைத் திறந்ததும் முதல் கரண்டியைத் தன் வாயில் போட்டு, நான் பார்க்கும்படி விழுங்குவாள். பிறகுதான் கரண்டியைக் கழுவி, “மாக்கான், அக்கா” என்று சாப்பிடச் சொல்லி எனக்கு நீட்டுவாள். இங்கே வந்த பிறகு தொடங்கிய பழக்கம் என்று நினைத்தேன். தியாகுவைக் கேட்டேன். “நீ அடுப்பைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, வீட்லயும் தினம் அப்படித்தான் செஞ்சா. நீதான் அவ மூஞ்சியவே பாக்கலயே” என்றான்.

கஞ்சியில் என்ன வாசனை என்று முந்தாநாள் கேட்டேன். ஓமம் என்றாள். வயிற்றுக்கு நல்லது என்று அவள் அம்மா சொன்னாளாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பாவம், கஞ்சி பிடிக்கவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள்.

நேற்று ஓமம் போடாமல் கொண்டுவந்தாள். திறந்து, வழக்கம்போல முதல் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். “நீ தின்னு காட்ட வேணாம். எனக்குக் குடு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். கரண்டி அந்தரத்திலேயே நின்றது. பிறகு என் வாய்க்கு வந்தது. முழுத் தூக்கும் சாப்பிட்டேன்.

நாளைக்கு ஓமம் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா தெய்வானை